ஆதித் திருச்சபையும் நம் காலத்து விசுவாசிகளும்

“ஆதித் திருச்சபையைப் போல் நாமும் ஆக வேண்டும்” என்பது நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல். அதைக் கேட்டவுடன் உள்ளத்தில் ஒரு காட்சி எழுகிறது. எல்லாரும் ஒரே மனத்தினராய் இருந்தனர், நிலத்தை விற்றனர், பொருளைப் பொதுவில் வைத்தனர், அவர்களுள் குறைவுற்றவர் ஒருவரும் இலர். இக்காட்சி பொய்யன்று. அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரமும் நான்காம் அதிகாரமும் இதற்குச் சான்று. ஆனால் நம்மிற் பலர் அத்துடன் நூலை மூடிவிடுகிறோம். ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு பொய்க் கணக்கு வருகிறது. ஆறாம் அதிகாரத்தில், மொழியால் வேறுபட்ட இரு சாராரிடையே முறுமுறுப்பு வருகிறது. பதினைந்தாம் அதிகாரத்தில் ஒரு பெருவழக்கைத் தீர்க்க எருசலேமில் சங்கம் கூடவேண்டி நேர்கிறது.

குறையே இல்லாத சபை ஒன்று இருந்திருந்தால் அதை வியந்து போற்றலாம். அதனிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இராது. குறை நேர்ந்தபோது அதை மறைத்தார்களா, பேசித் தீர்த்தார்களா, எவர் நலத்தை முன்னிட்டுத் தீர்த்தார்கள் என்பவையே பிற்காலத்தார்க்குப் பாடம். இக்கட்டுரையில் அத்தகைய நான்கு இடங்களை எடுத்துக்கொண்டு, அவை இன்று நமக்கு என்ன சொல்கின்றன என்று ஆராய முயல்கிறேன். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் இதனைப் படிக்கலாம். ஒரு கூட்டம் தன்னுள் எளியவரை எப்படி நடத்துகிறது என்பது எல்லாச் சமயத்தார்க்கும், எல்லாச் சங்கங்களுக்கும் உரிய கேள்வியன்றோ?

நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்துப் பெருமாட்டியைச் சேர்ந்தவன். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயில், பொள்ளாச்சிக்கு மேற்கே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊராட்சி அது. பழைய கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த அந்நிலம், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்தில் சேர்ந்தது. அங்கே வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதிக் கொடுத்து வாழும் குடும்பங்கள் மிகப் பல. மொழி எல்லையில் வளர்ந்த ஒருவனுக்கு ஆதித் திருச்சபையின் வரலாற்றில் முதலில் கண்ணில் படுவது, கட்டுக்கடங்காத உற்சாகமோ அற்புதங்களோ அல்ல. ஆறாம் அதிகாரத்தின் அந்த முறுமுறுப்பே.

1. மொழியும் பந்தியும்

எருசலேம் சபையில் இருவகை யூதர் இருந்தனர். ஒரு சாரார் அந்நாட்டிலேயே வாழ்ந்து அரமேய மொழி பேசியவர். மற்றவர் பிற நாடுகளில் குடியேறி வாழ்ந்து, கிரேக்கம் பேசும் பழக்கத்துடன் திரும்பி வந்தவர். இரு சாராரும் ஒரே இனத்தார்; ஒரே கடவுளை வணங்கினர்; ஒரே ஆண்டவரை விசுவாசித்தனர். ஆயினும் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டுப் போயினர். முதுமையில் புனித நகரில் வந்து தங்கிய இப்பெண்களுக்கு அங்கே உற்றார் உறவினர் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள் என்று அறிஞர் கருதுவர். வேண்டுமென்றே எவரும் அவர்களை ஒதுக்கினர் என்று நூல் கூறவில்லை. பந்தியை விசாரித்தவர்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்காது. அவர்கள் மொழியும் விளங்கியிராது. அறிமுகம் இல்லாதவர் பெயர் பட்டியலில் ஏறாமற் போவதற்குப் பகைமை தேவையில்லை.

அப்போஸ்தலர் இதற்குச் செய்தது என்ன? “சபையில் மொழிப் பிரச்சினையைக் கிளப்பாதீர்” என்று அதட்டவில்லை. “நாம் அனைவரும் ஒரே குடும்பம்” என்று சொல்லி வாயடைக்கவும் இல்லை. குறை கூறியவர் பெயரைக் கேட்டு விசாரணை வைக்கவும் இல்லை. சபையார் அனைவரையும் கூட்டினர். நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவர் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு என்போர். ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அவர்களுள் நிக்கொலாவு யூதனாகப் பிறந்தவனும் அல்லன். அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கம் தழுவி வந்தவன். பெயரை மட்டும் கொண்டு எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட முடியாது என்பது மெய்யே. எனினும், குறை கூறிய சாராரிடமே பங்கீட்டின் பொறுப்பைச் சபை ஒப்படைத்தது என்று கொள்வதே பொருந்தும் என ஆராய்ச்சியாளர் பலர் எழுதியுள்ளனர்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குங்கள். பெரும்பான்மையினர் சிறுபான்மையினருக்கு ஓர் இடம் ஒதுக்கித் தரவில்லை. தம் விதவைகளின் உணவையும் சேர்த்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டனர். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. பந்தி விசாரிக்க அமர்த்தப்பட்ட ஸ்தேவான் முதல் இரத்த சாட்சி ஆனான். பிலிப்பு சமாரியாவுக்குச் சுவிசேஷத்தைக் கொண்டு சென்றான். சபை எருசலேமின் மதிலைக் கடந்து வெளியே போனது இவர்களால்தான்.

இனி நம் நிலைக்கு வருவோம். கேரளத்துக் கிறிஸ்தவத்தின் பழைய ஆவணமாகிய தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849-ஐச் சார்ந்தது. அது கொல்லத்துத் திருச்சபைக்கு வேணாட்டு அரசன் அய்யன் அடிகள் அளித்தது. தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத மொழியில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதே கொல்லத்தில் 1578-ஆம் ஆண்டு, அண்டிரிக் அடிகளாரின் முயற்சியால் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் கேரளக் கடற்கரையில் பிறந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த சீகன்பால்கு, நான்கு சுவிசேஷங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் 1714-இலும், புதிய ஏற்பாடு முழுவதையும் 1715-இலும் தமிழில் அச்சிட்டு வெளியிட்டார். ஆகவே இம்மண்ணில் திருச்சபையும் தமிழும் இணைந்து நடந்த காலம் நெடியது. அதற்கு மாநில எல்லை தடையாக இருந்ததில்லை.

அண்மையிலும் ஒரு செய்தி உண்டு. கோயம்புத்தூர், கோழிக்கோடு ஆகிய இரு கத்தோலிக்க மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து, 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், பாலக்காட்டுச் சுல்தான்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட இலத்தீன் மறைமாவட்டம் ஏற்படுத்தப்பட்டது. தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக உள்ள மறைமாவட்டம் அது. ஒரு மக்களின் மொழியையும் வாழ்விடத்தையும் கருதி ஆட்சி முறையை அமைப்பது ஆதித் திருச்சபையின் அடிச்சுவட்டில் நடப்பதே ஆகும். நம் அரசியலமைப்பும் 1956-இல் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவில், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்தல் வேண்டும் என்று கூறுகிறது.

ஆனால் நண்பர்களே, முறுமுறுப்பவர் நாமாக இருக்கும்போது இப்பகுதி நமக்கு இனிக்கும். பந்திக் கரண்டி நம் கையில் இருக்கும்போது இதே பகுதி நம்மைச் சுடவேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் சென்னையிலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர் நம் கோயில்களின் கடைசி வரிசையில் நிற்கின்றனர். அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நம் சபைப் பட்டியலில் உண்டு? அவர்கள் மொழியில் ஒரு பாட்டாயினும் நம் ஆராதனையில் உண்டா? பெருமாட்டியிலேயே எரவாளர், மலசர் ஆகிய பழங்குடி மக்கள் உள்ளனர். தமிழனுக்கு உரிமை கேட்கும் தமிழன், தனக்குக் கீழே தள்ளப்பட்டவனைத் திரும்பிப் பார்த்தானா என்ற கேள்வியும் அந்த எழுவர் பெயருடன் சேர்ந்தே எழுகிறது.

2. ஒரே மேசை

இரண்டாவது பாடம் உணவைப் பற்றியதே. ஆதிச் சபையின் பெருஞ்சண்டைகள் பெரும்பாலும் மேசையைச் சுற்றியே நடந்தன. இது வியப்புக்குரியதன்று, யாரோடு யார் உண்பது என்பதில்தான் ஒரு சமுதாயத்தின் உண்மை நிலை வெளிப்படும். நம் நாட்டார்க்கு இதை விளக்கவேண்டிய தேவையே இல்லை.

அந்தியோகியாவில் யூதரும் யூதரல்லாதவரும் ஒன்றாய் அமர்ந்து உண்டனர். கிறிஸ்தவர் என்னும் பெயர் முதன்முதல் வழங்கியதும் அந்த ஊரிலேதான். பேதுருவும் அங்கே வந்து அவர்களுடன் உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். அப்பொழுது பவுல், அப்போஸ்தலருள் மூத்தவராகிய பேதுருவை எல்லாருக்கும் முன்பாகவே எதிர்த்துக் கடிந்துகொண்டார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். பேதுருவின் உபதேசத்தில் பிழை இல்லை. எல்லாரும் சமம் என்பதை அவர் மறுக்கவும் இல்லை. அவர் எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவே. அதுவே சுவிசேஷத்துக்கு மாறான நடை என்று பவுல் தீர்ப்பளித்தார்.

கொரிந்துவில் நேர்ந்தது வேறொன்று. கர்த்தருடைய பந்திக்கு வசதியுள்ளோர் முந்தி வந்து உண்டு குடித்து நிறைந்தனர். அடிமைகளும் கூலியாட்களும் வேலை முடிந்து வந்தபோது அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஏழைகளை நாணச் செய்யும் இத்தகைய உணவு கர்த்தருடைய பந்தியே ஆகாது என்று பவுல் எழுதினார். ஆராதனை முறைப்படி நடந்ததா என்று அவர் கேட்கவில்லை. பசித்தவன் பசியோடு திரும்பினானா என்றே கேட்டார்.

தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் இவ்விரண்டு ஊர்களும் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரின் திருக்குடும்பக் கோயில் 1872-இல் கட்டி முடிந்தது. ஒரே பீடத்தை நோக்கிய இரு கூடங்கள் அதற்கு. இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் தனித்தனியே நின்று வழிபடுவதற்காக அவ்வாறு அமைத்தனர். 1910-இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை அகற்றினார். தடுப்பு வேண்டும் என்றவர் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதி வேற்றுமையை உரிமையாகக் கேட்க இடமில்லை என்றாயிற்று. தஞ்சையிலும் சென்னையிலும் சீர்திருத்தச் சபைகளில் இதே வழக்கு வேறு உருவில் நடந்தது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இல், சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அதை ஏற்க மறுத்துப் பலர் சபையை விட்டே விலகினர்.

இவை பழங்கதை என்று ஒதுக்கிவிட இயலாது. விழுப்புரம் பக்கத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்ட பூசல் முற்றி, 2008 மார்ச் மாதம் காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தனிப் பங்கு கேட்கும் நிலைக்கு ஒரு சாரார் ஏன் தள்ளப்பட்டனர் என்பதே அங்கு முதற் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர் கல்லறையிலும் தேர் வரும் தெருவிலும் பிரிந்து நிற்பதைக் கண்டால், பவுல் எந்த மொழியில் நிருபம் எழுதுவார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தமிழில் எழுதினாலும் அதைச் சபையில் வாசிக்க விடுவோமா என்பது ஐயமே.

3. கணக்கும் மெய்யும்

மூன்றாவது, பொருளைப் பற்றியது. ஆதிச் சபையார் எல்லாவற்றையும் பொதுவில் வைத்தனர் என்பதைக் கொண்டு, அது ஒருவகைப் பொதுவுடைமை என்பாரும் உளர். அதை மறுப்பாரும் உளர். நூல் சொல்வதைப் பார்த்தால், நிலத்தை விற்றுத் தீரவேண்டும் என்று அங்கே கட்டளை இருந்ததில்லை. பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொணர்ந்தான். அனனியாவும் சப்பீராளும் தங்கள் நிலத்தை விற்று, ஒரு பங்கை வைத்துக்கொண்டு, முழுவதையும் கொடுத்ததாகக் காட்டினர். விற்பதற்கு முன் நிலம் உன்னுடையது, விற்ற பின்னும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்ற கருத்துப்படவே பேதுரு அனனியாவிடம் பேசுகிறார். கொடாமல் வைத்துக்கொண்டதைக் குற்றம் என்னவில்லை. கொடுத்ததாக நடித்ததே குற்றம்.

பங்கிட்டு உண்ட அந்தச் சபை வறுமையை ஒழித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பேரரசன் கிலவுதியுவின் காலத்தில் பஞ்சம் வந்தபோது, அந்தியோகியாச் சபையார் ஒவ்வொருவரும் தம்தம் வசதிக்கு ஏற்ப யூதேயாவுக்கு உதவி அனுப்பினர். பின்னர்ப் பவுல், மக்கெதோனியாவிலும் கிரேக்க நாட்டிலும் எருசலேமின் ஏழைகளுக்கென நிதி திரட்டினார். இந்த நிதி திரட்டலில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பவுல் பணத்தைத் தாமே எடுத்துச் செல்லவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களைத் தம்முடன் அனுப்பும்படி செய்தார். கடவுளுக்கு முன் மட்டுமன்றி மனிதருக்கு முன்னும் குற்றம் காண இடமில்லாமல் நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் இதை விளக்குகிறார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. அப்போஸ்தலனுக்கே சாட்சி வேண்டியிருந்தது என்றால், இன்று சபைச் சொத்தையும் பள்ளியையும் கல்லூரியையும் மருத்துவமனையையும் நிர்வகிப்போர்க்கு எத்தனை சாட்சி வேண்டும்! சபைத் தேர்தலில் கட்சி கட்டுவதும், நிலத்தைப் பற்றி வழக்காடுவதும், கணக்குக் கேட்பவனை அவிசுவாசி என்று தூற்றுவதும் நாம் அறியாதவை அல்ல. கணக்குக் கேட்பது பக்திக்கு விரோதம் என்னும் எண்ணத்தை மாணவர்களாகிய நாம் முதலில் விடவேண்டும்.

நம் நாட்டுச் சபைகளிலே இதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. திருநெல்வேலிப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை அது. செல்வர் இல்லாத ஊர்களில் அந்த அரிசி சபை ஊழியத்துக்கு உதவியது. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமும் அந்நிய நாட்டுப் பணத்தை நம்பாமல் தம் மக்களின் கொடையாலேயே நடக்கத் துணிந்தது. அதைத் தோற்றுவித்தவருள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஒரு பிடி அரிசி கொடுத்தவளுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன்.

4. ஊருக்குக் கிணறு

நான்காவது பாடம், சபைக்கு வெளியே இருப்போரைப் பற்றியது. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியது. கார்த்தேஜ் நகரில் நோயுற்றோரைத் தெருவில் விட்டு மக்கள் ஓடினர். அந்நகரத்துப் பேராயர் சிப்பிரியான், தம் சபையாரை நோயாளிகளிடம் அனுப்பினார். தம்மைத் துன்புறுத்தியோர்க்கும் உதவவேண்டும் என்று போதித்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 251 அளவில், ரோமாபுரிச் சபை ஆயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட விதவைகளையும் வறியோரையும் தாங்கி வந்தது என்று அதன் பேராயர் கொர்நேலியு எழுதியுள்ளார். நூறாண்டு கழித்து, கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசன் யூலியன் 362-இல் தன் குருக்களைக் கடிந்து எழுதிய கடிதம் ஒன்று உண்டு. கலிலேயர் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் காக்கிறார்களே, நமக்கு வெட்கமில்லையா என்பது அதன் கருத்து. பகைவன் எழுதிய சான்றிதழ் நண்பன் எழுதியதிலும் உயர்ந்தது.

இனிப் பெருமாட்டிக்கு வருகிறேன். எங்கள் ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையின் பெயர் உலகெங்கும் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டில் அங்கே கோக்கோ-கோலா நிறுவனத்தின் குளிர்பானத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. ஊராட்சியே உரிமம் வழங்கியது. ஆழ்துளைக் கிணறுகள் நீரை இழுத்தன. சுற்றிலும் இருந்த மக்கள், தம் கிணறுகள் வற்றுகின்றன, இருக்கும் நீரும் குடிக்கவும் சமைக்கவும் ஆகவில்லை என்று முறையிட்டனர். 2002 ஏப்ரல் 22-ஆம் நாள் தொழிற்சாலை வாயிலின் எதிரே பந்தலிட்டு அறப்போர் தொடங்கினர். அதன் முன்னணியில் நின்றவர் மயிலம்மா என்னும் எரவாளர் குலப் பெண்மணி. பள்ளிப் படிப்பு இல்லாதவர். தன் வீட்டுத் தண்ணீரைப் பற்றி அவர் அறிந்ததை எவரும் அவருக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி தான் கொடுத்த உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளரே என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் தொழிற்சாலை நின்றது. 2005-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தனி நீதிபதியின் கருத்தை ஏற்காமல், நாள் ஒன்றுக்கு 5 இலட்சம் லிட்டர் வரை எடுக்க இடம் தந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. தொழிற்சாலை மீண்டும் இயங்கவில்லை. 2017-இல் நிறுவனமே அதைத் திறக்கும் எண்ணம் இல்லை என்று அம்மன்றத்தில் தெரிவித்தது. நேர்ந்த சேதம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-இல் மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கென ஒரு தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிடைக்கவில்லை. மயிலம்மா 2007 ஜனவரி 6-ஆம் நாள் காலமானார்.

இதை ஏன் திருச்சபைப் பாடத்தில் கொணர்கிறேன் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பந்தலில் அமர்ந்தவர் ஞானஸ்நானம் பெற்றவரல்லர். அவர்களை நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் ஆறாம் அதிகாரத்தின் விதவைகளையும் பிளாச்சிமடைப் பெண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரு சாராரும் பட்டியலில் விடுபட்டவர். இரு சாராரும் கேட்டது அன்றாடத் தேவையையே. எருசலேமில் முறுமுறுப்பைக் கேட்டவர் அன்றே சபையைக் கூட்டினர். இங்கே ஆண்டுகள் உருண்டன. ஒன்றை மட்டும் மனமாரப் பாராட்ட வேண்டும்: தான் கொடுத்த உரிமத்தைத் தானே மறுக்க ஓர் ஊராட்சி துணிந்தது. தவறிய முடிவை மாற்றிக்கொள்ளும் அந்தத் துணிவு பேதுருவிடமும் இருந்தது; நம் சபை மன்றங்களில் அரிதாகவே காண்கிறோம்.

பொதுவில் வைத்தல் என்பதன் பொருளும் இங்கே விரிகிறது. ஆதி விசுவாசிகள் தமக்குச் சொந்தமானவற்றைக்கூடப் பொதுவில் வைத்தனர். நாமோ இயல்பிலேயே பொதுவாயுள்ள நீரை, ஆற்றை, புறம்போக்கைத் தனித்தனியே கட்டிப் போடுகிறோம். அவற்றைப் பொதுவாகவே காப்பதற்காவது விசுவாசி முன்வர வேண்டாமா? மழை குறைந்த எங்கள் சித்தூர்ப் பகுதியில் தண்ணீரைக் காத்தல் என்பது ஏழையைக் காத்தலே. அதைச் சமயப் பணி அன்று, அரசியல் என்று ஒதுக்குவோர், கொள்ளைநோய்க் காலத்தில் சிப்பிரியான் செய்ததை எந்தக் கணக்கில் எழுதுவர்?

நாம் செய்யத்தக்கவை

மாணவராகிய நாம் நாளைக்கே திருச்சபையைத் திருத்திவிட முடியாது. எனினும் நம் கைக்கு எட்டியவை சில உண்டு.

முதலாவது, ஜெப ஐக்கியமாயினும் தமிழ்ச் சங்கமாயினும் நாம் கூடும் இடத்தில் யார் விடுபட்டார் என்று பார்க்கும் பழக்கம். விடுதியில் வேறு மொழி பேசி ஒதுங்கி நிற்கும் மாணவனிடம் பொறுப்பு ஒன்றை ஒப்படைத்துப் பார்ப்போம். அழைத்து உட்காரவைப்பது எளிது. பொறுப்பைக் கொடுப்பதே கடினம்.

இரண்டாவது, யாருடன் உண்கிறோம், யார் வீட்டில் உண்கிறோம், யாரை மணக்கச் சம்மதிக்கிறோம் என்பதில் சாதியைக் கொண்டுவராதிருத்தல். விடுதியில் ஒரே தட்டில் உண்டவன் விடுமுறைக்கு ஊர் சென்றதும் பேதுருவைப் போல் எழுந்து வேறு இடத்தில் அமர்வது எத்தனை எளிது என்பதை நாம் அறிவோம். பெற்றோருக்கு முன் அந்தப் பந்தியிலேயே அமர்ந்திருப்பதுதான் சோதனை.

மூன்றாவது, நம் சங்கத்தின் பத்து ரூபாய்க்கும் கணக்கு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல். சிறியதில் பழகாதவன் பெரியதில் பழகுவதில்லை.

நான்காவது, நம் ஊரின் நீர்நிலை, பள்ளி, மருத்துவ நிலையம் ஆகியவற்றைப் பற்றி அறிந்திருத்தல். ஊராட்சியின் கிராம சபைக் கூட்டம் எந்நாள் என்று தெரியாத பட்டதாரி, ஆதித் திருச்சபையைப் பற்றிப் பிரசங்கிக்கத் தகுதியுடையவன் அல்லன் என்பது என் துணிபு.

ஆதித் திருச்சபை மேகத்தின் மேல் அமைந்த கோயிலன்று. மூன்றாம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டடமே இல்லை, வீடுகளில் கூடினர். லீதியாளின் வீட்டிலும், ஆக்கில்லா பிரிஸ்கில்லாள் வீட்டிலும், கடனும் பொறாமையும் பசியும் உள்ள மனிதரே கூடினர். அவர்கள் சண்டையிட்டனர், ஆனால் சண்டையை எழுதியும் வைத்தனர். பேதுருவின் பிழையை மறைக்காத ஒரு நூலைத் தம் வேதமாக வைத்துக்கொண்டனர். நம் சபைகளின் வரலாற்றை நாம் எழுதும்போது வடக்கன்குளத்துச் சுவரையும் எழுதுவோம். அதை இடித்த ஆண்டையும் எழுதுவோம். இன்னும் இடிபடாமல் நிற்கும் சுவர்களின் பட்டியலைத் தயாரிக்கும் வேலை, நண்பர்களே, நம் தலைமுறையினுடையது.